ஒன்றேகால் ரூபாய்

முதல் நாள், புதன்கிழமை, பழநி

என் சட்டைப் பையில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு இருக்கிறது. அதைப் பழநி மலையில் சேர்த்துவிட்டு, அப்படியே கொடைக்கானல் பக்கம் இரண்டு நாள் சுற்றிவிட்டு வருவதாகத் திட்டம். கூட வருவது அப்பாவின் அக்கா. எழுபத்து மூன்று வயது. முட்டி வலி உண்டு, வாய் வலி கிடையாது.

அம்மா போன வருஷம் ஆடியில் காலமானார். வீட்டில் துக்கம் நடந்தால் வருஷம் திரும்பும்வரை மலைக்கோயில் ஏறக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். போன மாதம் முதல் திதி கொடுத்த பிறகு சாமி மாடத்தை ஒழித்துச் சுத்தம் செய்தோம். அப்போதுதான் முருகன் படத்துக்குப் பின்னால் இந்த முடிச்சு கிடைத்தது. மஞ்சள் சாயம் வெளுத்து, துணி சுருங்கி, முடிச்சு ஒரு கொட்டைப்பாக்கு மாதிரி இறுகிக் கிடந்தது.

முடிந்து வைப்பது என்றால் தெரியாதவர்களுக்கு: வீட்டில் ஒரு கஷ்டம் வந்தால், குளித்துவிட்டு வந்து, மஞ்சள் தடவிய துணியில் காசை முடிந்து சாமியிடம் வைத்துவிடுவார்கள். காரியம் ஆன பிறகு கோயிலுக்குப் போய் உண்டியலில் போட வேண்டும். எங்கள் வீட்டில் எல்லாம் பழநிக்குத்தான்.

நான் ஈரோட்டில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். எதையும் பிரித்துப் பார்க்காமல் விட்டதில்லை. ஊக்கு வைத்து நெம்பி முடிச்சை அவிழ்த்தேன். உள்ளே ஒரு ரூபாய் ஒன்று, காண்டாமிருகம் போட்ட கால் ரூபாய் ஒன்று. ஒன்றேகால் ரூபாய். அந்தக் காலத்து வேண்டுதல் கணக்கு அது. ரூபாயில் 1998 என்று இருந்தது. கால் ரூபாய் 2011 ஜூனோடு செல்லாமல் போய்விட்டது. ஆக, 1998க்கும் 2011க்கும் நடுவில் எப்போதோ அம்மா எதற்கோ வேண்டியிருக்கிறார். எதற்கு என்று யாருக்கும் தெரியாது.

காசை மறுபடி முடிந்தேன். அம்மா முடிந்த மாதிரி வரவில்லை.

பேருந்து தாராபுரம் தாண்டியதும் காற்றாலைகள். ஆவணி பிறந்தும் ஆடிக் காற்று அடங்கவில்லை. வழியெல்லாம் சோளக்காட்டு வரப்புகளில் மயில். ஒரு இடத்தில் ஏழெட்டு மயில்கள் ரோட்டோரம் நிற்க, ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மயிலைப் பார்த்ததும் எனக்குப் பேகன் ஞாபகம் வந்தான். இந்த மலைக்குச் சொந்தக்காரன் அவன். ஆவியர் குடி, வையாவிக் கோப்பெரும் பேகன். மயிலுக்குப் போர்வை கொடுத்த கதை எல்லோருக்கும் பள்ளிக்கூடத்தில் வந்திருக்கும். ஆனால் புறநானூற்றில் பரணர் பாடியது (141ஆம் பாட்டு) கொஞ்சம் வேறு மாதிரி. ‘உடாஅ போரா ஆகுதல் அறிந்தும்’ கொடுத்தான் என்கிறார். மயில் உடுத்தாது, போர்த்தாது என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தே கொடுத்தான். அதோடு, அடுத்த பிறவிக்குப் புண்ணியம் சேரும் என்று கொடுக்கிற ஆள் அவன் இல்லை என்று கடைசியில் ஒரு வரி வைக்கிறார். நான் பையில் வைத்திருப்பதோ காரியம் ஆக வேண்டிக் கட்டிய காசு. இரண்டும் ஒரே மலை.

இதை அத்தையிடம் சொன்னேன். பேகன் மனைவியைப் பிரிந்து போய் வேறொருத்தியோடு இருந்ததையும், கபிலரும் பரணரும் மற்ற புலவர்களும் பரிசு வேண்டாம், வீட்டுக்குத் திரும்பிப் போ என்று பாடியதையும் சேர்த்துச் சொன்னேன்.

அத்தை கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம் கேட்டார்:

“மயிலு குளுருல நடுங்குறது தெரிஞ்சவனுக்குப் பொண்டாட்டி ஊட்ல உக்காந்து அழுவறது தெரியிலியாக்கும்?”

இத்தனை வருஷமாகச் சங்கப் பாட்டுக்கு எத்தனையோ உரை படித்துப் பிழை பார்த்திருக்கிறேன். இந்த உரை கிடைத்ததில்லை.

சாயங்காலம் அடிவாரம் வந்து அறை எடுத்தோம். பழநிக்கு முறை என்றால் முதலில் திருஆவினன்குடி. மலை மேல் இருப்பவரைப் பார்க்கக் கூட்டம் ஓடும். நக்கீரர் திருமுருகாற்றுப்படையில் மூன்றாவதாகச் சொன்ன படைவீடோ கீழே இருக்கிற இந்தக் கோயில்தான். மயில் மேல் உட்கார்ந்த குழந்தை. நெல்லி மரம். திரு, ஆ, இனன், கு, டி என்று ஊர்ப் பெயரைப் பிரித்து, திருமகளும் காமதேனுவும் சூரியனும் பூமியும் அக்கினியும் வழிபட்டதாகத் தலபுராணக்காரர்கள் சொல்வார்கள். ஆவியர் குடியிருந்த ஊர் என்று எடுத்துக்கொள்வதுதான் எனக்கு இயல்பாகப் படுகிறது. பிழை திருத்துகிறவனின் புத்தி அப்படி.

இன்றைக்கு இவ்வளவுதான். நாளை நாலு மணிக்கு எழுப்புவதாக அத்தை மிரட்டியிருக்கிறார்.

இரண்டாம் நாள், வியாழக்கிழமை, பழநி

மூன்றரைக்கே எழுப்பிவிட்டார்.

மொட்டை போட்டுக்கொண்டேன். 2021இலிருந்து கோயில்களில் முடி காணிக்கைக்குக் கட்டணம் இல்லை. நாற்பத்தைந்து வயதில், நெற்றி ஏற்கெனவே பாதி தூரம் ஏறிப்போன தலையில், காணிக்கை என்று சொல்லிக்கொள்ள அதிகம் ஒன்றும் இல்லை. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண்ணுக்கு இடுப்பு வரை முடி. அவள் அம்மாதான் அழுதார். அவள் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு சிரித்தாள்.

செல்போனை அறையிலேயே வைத்தாயிற்று. 2023 அக்டோபரிலிருந்து மலை மேல் போனுக்கு அனுமதி இல்லை. ஆகவே படம் கிடையாது, நான் எழுதுவதை வைத்துத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கென்னவோ இது நல்ல ஏற்பாடாகத்தான் தெரிகிறது. கும்பிடுவதற்கு இரண்டு கையும் காலியாக இருக்கிறது.

படி 693. விஞ்சில் போகலாம், ரோப் காரிலும் போகலாம் என்றேன். “வேண்டுதலுக்கு வந்துட்டு உக்காந்துட்டுப் போறதா?” என்று யானைப் பாதைப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். படியை விட அது சாய்வாக, சுற்றிச் சுற்றிப் போகும், முட்டிக்கு நல்லது. பத்தடிக்கு ஒரு தரம் நின்றோம். நிற்கிற இடமெல்லாம் ஒரு ‘முருகா’. அது பக்தியா மூச்சு வாங்கலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பாதி வழியில் இடும்பன். இவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும். அகத்தியர் சொல்லி, சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு குன்றுகளை ஒரு கம்பில் கட்டித் தோளில் தூக்கி வந்தவன் இடும்பன். களைத்துப்போய் இங்கே இறக்கி வைத்தான். மறுபடி தூக்கினால் எழும்பவில்லை. பார்த்தால் குன்றின் மேல் கோவணத்தோடு ஒரு சின்னப் பையன். இறங்கு என்றான், பையன் மாட்டேன் என்றான். சண்டையில் இடும்பன் விழுந்தான். மனைவி இடும்பியும் அகத்தியரும் வேண்ட, உயிர் திரும்பி வந்தது. என்ன வேண்டும் என்று கேட்டபோது, என்னைப் போலத் தோளில் சுமந்து வருகிறவர்களுக்கு அருள வேண்டும் என்று கேட்டான். காவடி வந்த கதை அது.

சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். இன்று இடும்பன் முன்னால் மூச்சு வாங்க நின்றபோது ஒன்று தோன்றியது. இடும்பன் முருகனுக்கு எதையும் கொண்டுவரவில்லை. வேறு யாருக்கோ, வேறு எங்கோ கொண்டுபோக வேண்டிய சுமை. இறக்கி வைத்த இடம் முருகனுடையதாகப் போய்விட்டது. பால் காவடி, பன்னீர்க் காவடி, செட்டிநாட்டிலிருந்து நகரத்தார் தைப்பூசத்துக்குக் கட்டி வரும் சர்க்கரைக் காவடி, பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடிக் காவிரித் தண்ணீர் சுமந்து வரும் தீர்த்தக் காவடி எல்லாவற்றிலும் பாலுக்கும் சர்க்கரைக்கும் பெரிய மதிப்பில்லை. பழநியில் சர்க்கரை கிடைக்காதா என்ன? காரைக்குடிப் பக்கத்திலிருந்து தோளில் வந்த சர்க்கரை என்பதில்தான் விஷயம்.

மேலே வரிசை அதிகம் இல்லை. முந்தின நாள் ராக்காலப் பூஜையில் சாமிக்குச் சாத்திய சந்தனம் காலையில் பிரசாதமாகக் கிடைக்கும். அத்தைக்கு ஒரு சிட்டிகை கிடைத்தது. பாதியைக் கிள்ளி என் மொட்டையில் அப்பினார்.

மூலவர் போகர் ஒன்பது பாஷாணங்களைக் கட்டிச் செய்தது என்பது மரபு. போகர் சமாதியும் பிராகாரத்திலேயே இருக்கிறது. இங்கே அபிஷேகத்துக்கு நல்லெண்ணெய், பஞ்சாமிர்தம், சந்தனம், விபூதி என்று நாலே நாலு பொருள்தான் முக்கியம். காலையில் கோவணாண்டி, சாயரட்சையில் ராஜ அலங்காரம். எல்லாம் வேண்டாம் என்று வந்து நின்றவருக்குத்தான் இத்தனை பேர் இத்தனையும் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். இந்த வேடிக்கையை நினைத்துச் சிரிக்கக்கூட எனக்கு அங்கே நேரம் கிடைக்கவில்லை. திரை போட்டுவிட்டார்கள். நைவேத்தியம்.

திரைக்கு இந்தப் பக்கம் நின்ற அந்தச் சில நிமிடங்களைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். நாங்கள் அச்சிட்ட பூஜை விதிப் புத்தகம் ஒன்றுக்குப் பிழை பார்த்தபோது தெரிந்துகொண்டது: நிவேதனம் என்ற சொல்லுக்கு அடிப்படைப் பொருள் ஊட்டுவது இல்லை, அறிவிப்பது. ‘இதோ இருக்கிறது’ என்று தெரியப்படுத்துவது. அப்போது சொல்கிற ‘பிராணாய ஸ்வாஹா, அபானாய ஸ்வாஹா’ என்ற மந்திரங்கள்தான், வைதிக முறைப்படி சாப்பிடுகிறவர் இலையில் உட்கார்ந்து முதல் வாய் எடுக்கும்போதும் சொல்கிறார். உள்ளே இருக்கும் ஐந்து காற்றுக்கும் ஐந்து ஆகுதி. சாமிக்குப் படைக்கும்போதும் நாம் சாப்பிடும்போதும் ஒரே வார்த்தை என்பது எனக்கு அப்போது அச்சுப் பிழை போலப்பட்டது. இரண்டு இடத்திலும் பென்சிலால் கேள்விக்குறி போட்டு அனுப்பினேன். சரிதான் என்று திரும்பி வந்தது.

அத்தைக்கு மந்திரம் எதுவும் தெரியாது. ஆனால் வீட்டில் உலை வைப்பதற்கு முன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிச் சட்டியில் போடுவார். மாதக் கடைசியில் அது யாராவது இல்லாதவர் வீட்டுக்குப் போகும். வடித்த சோற்றில் முதல் உருண்டை காக்கைக்கு. வாசலில் பச்சரிசி மாக்கோலம், எறும்புக்கு. சாமி படத்துக்கு ஒரு துளசி இலை. திருமூலர் சாமிக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாய்ப் புல், சாப்பிடும்போது பிறருக்கு ஒரு கைப்பிடி, பிறரிடம் ஒரு நல்ல வார்த்தை என்று நாலு சொன்னார். அத்தையிடம் மூன்று தினமும் தவறாது. நாலாவதான நல்ல வார்த்தை மட்டும் மருமகளுக்குக் கிடைத்து நான் பார்த்ததில்லை.

திரை விலகியது. தீபாராதனை. கண்ணை மூடக்கூடாது என்று நினைத்தும் மூடிக்கொண்டது. திறந்தபோது ‘நகருங்க, நகருங்க’.

வெளியே உண்டியல். முடிச்சைக் கையில் எடுத்தேன். பின்னால் நின்ற மலையாளக் குடும்பம் ஒன்று பொறுமையாகக் காத்திருந்தது. (சாமி மேற்கு பார்த்து நிற்கிறார், கேரளத்துக்காரர்கள் வராமல் இருப்பார்களா?) நான் போடவில்லை. பையில் திரும்ப வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

அத்தை பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. அன்னதானத்தில் சாப்பிட்டுவிட்டு, இறங்கும்போது நானேதான் ஆரம்பித்தேன்.

“எதுக்கு முடிஞ்சதுன்னு தெரியாம எப்படிப் போடறதுங்கத்தை? காரியம் நடந்துச்சா இல்லியான்னே தெரியல.”

98இல் நான் பிளஸ் டூவில் கணக்கில் தோற்றேன். 2001இல் தறிக் கடன், வீடு கைமாற இருந்தது. தங்கைக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம் குழந்தை இல்லை, அப்புறம் 2007இல் பிறந்தது. 2009இல் அப்பாவுக்கு நெஞ்சு வலி. முதல் மூன்றும் சரியாகிவிட்டன. அவற்றில் ஒன்றுக்காக இருந்திருந்தால் அம்மா எப்போதோ கொண்டுவந்து போட்டிருப்பார், கடன் வைக்கிற ஆள் இல்லை. அப்பா 2010 ஐப்பசியில் போய்விட்டார். கொடுக்காத வேண்டுதல் எது என்று யோசித்தால் கணக்கு ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது.

அத்தை கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய தம்பியைப் பற்றித்தான் பேசுகிறேன் என்பதை நான் அப்போதுதான் உணர்ந்தேன்.

“உங்கம்மா எங்கிட்டச் சொல்லல கண்ணு. நங்கையா நங்கையான்னு எல்லாத்தயும் சொல்லுவா, இத மட்டும் சொல்லல” என்றார். கொஞ்ச தூரம் இறங்கிய பிறகு, “நடந்தாத்தான் குடுக்கோணும்னு யாரு சொன்னா? முடிஞ்சன்னைக்கே அது சாமி காசு. நம்ம ஊட்ல இருந்துச்சு, அவ்வளவுதான்.”

முடிச்சு இன்னும் என் பையில்தான் இருக்கிறது. பரணர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, கொடைக்கானல்

பழநியிலிருந்து கொடைக்கானலுக்கு அறுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். சொந்த வண்டிக்கு இ-பாஸ் வேண்டும், பேருந்துக்கு வேண்டாம். வரதமாநதி அணை தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடுகிறது. அத்தை எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் திரும்பிப் பார்த்தால் பழநி மலை இன்னும் கொஞ்சம் சின்னதாக, கடைசியில் சமவெளியில் யாரோ வைத்துவிட்டுப் போன ஒரு சாணிப் பிள்ளையார் மாதிரி.

சவரிக்காடு, வடகவுஞ்சிப் பக்கமெல்லாம் காப்பிச் செடிகளுக்கு நடுவே வாழை. மலை வாழை. விருப்பாச்சி என்று கீழே இருக்கிற ஊர்ப் பெயராலேயே அழைக்கிறார்கள். குட்டையாக, தோல் தடித்து, ஈரப்பசை குறைவாக இருக்கும். பழநிப் பஞ்சாமிர்தம் கெடாமல் இருப்பதற்கு இந்தப் பழம்தான் முக்கியக் காரணம். பழம், நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய், கூடப் பேரீச்சையும் கற்கண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை. 2019இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழ்நாட்டில் கோயில் பிரசாதம் ஒன்றுக்குக் கிடைத்தது அதுதான் முதல் தடவை. 1970களில் முடிக்கொத்து நோய் வந்து இந்த மலையில் வாழை பெருமளவு அழிந்தது. அதிலிருந்து தப்பி வந்த வாழையின் பழம்தான் நேற்று நாங்கள் நக்கியது.

தைப்பூசம் முடிந்த பிறகு எடப்பாடியிலிருந்து காவடி கட்டி வருகிறவர்கள் மலை மேலேயே டன் கணக்கில் பஞ்சாமிர்தம் பிசைவார்கள். இரவு மலையில் தங்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. அத்தை ஒரு தரம் பார்த்திருக்கிறாராம். “ஆரு பழம், ஆரு சக்கரைன்னு அப்பறம் பிரிக்க முடியுமாக்கும்?” என்றார், கண்ணைத் திறக்காமலே.

பெருமாள்மலையில் குளிர் ஏறியது. கொடைக்கானலில் தூறல். ஏரி, கூட்டம், குதிரை, சாக்லெட் கடை. இதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

மதியத்துக்கு மேல் குறிஞ்சி ஆண்டவர் கோயில். 1936இல் லீலாவதி ராமநாதன் என்ற அம்மையார் கட்டியது. பிறப்பால் வெள்ளைக்காரர், சைவத்துக்கு வந்தவர், இலங்கைத் தலைவர் பொன்னம்பலம் ராமநாதனின் மனைவி. கணவர் 1930இல் இறந்துவிட்டார். ஆறு வருஷம் கழித்து இந்தக் கோயில். நேற்றுவரை எனக்கு இது ஒரு சுற்றுலாத் தகவல். இன்று அந்த இரண்டு வருஷ எண்களுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றேன். அந்த அம்மாள் என்ன முடிந்து வைத்திருந்தாரோ.

பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் பூக்கும் குறிஞ்சி கடைசியாக 2018இல் பூத்தது. அடுத்தது 2030. பச்சைப் புதர்தான் இருந்தது. கோயிலுக்குப் பின்னாலிருந்து பார்த்தால் பழநி மலை தெரியும் என்றார்கள். மஞ்சுதான் தெரிந்தது. அத்தை அந்த மஞ்சைப் பார்த்தே கும்பிட்டார்.

நான்காம் நாள், சனிக்கிழமை, பூம்பாறை

கொடைக்கானலிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர் உள்ளே பூம்பாறை. மேலிருந்து பார்த்தால் படிப்படியாக வெட்டிய வயல்கள், நடுவில் ஓட்டு வீடுகள். இறங்கியதுமே காற்றில் பூண்டு வாசம். கொடைக்கானல் மலைப்பூண்டும் 2019இல் புவிசார் குறியீடு பெற்றதுதான்.

குழந்தை வேலப்பர் கோயில் ஊருக்கு நடுவில். இந்த மூர்த்தியும் போகர் செய்தது என்கிறார்கள். அருணகிரிநாதர் இங்கே ஓர் இரவு தூங்கியபோது ஒரு ராட்சசி கொல்ல வந்தாளாம். முருகன் குழந்தையாகி அவர் மேல் படுத்துக்கொள்ள, பிள்ளையோடு தூங்கும் தாய் என்று நினைத்து விட்டுவிட்டுப் போனாளாம். கொல்ல வந்தவளுக்கே அந்த இடத்தில் இரக்கம் வந்துவிட்டது என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது.

கோயிலில் நாங்கள், பூசை செய்கிறவர், ஒரு நாய். அப்புறம் ஓர் அம்மாள் வந்தார். அறுபது வயது இருக்கும். தலையில் கம்பளித் துண்டு, காலில் மண். கையில் தாளோடு சேர்த்துக் கட்டிய ஒரு பிடி பூண்டு. உள்ளே கொடுக்கவில்லை. வாசற்படியில் வைத்தார். விழுந்து கும்பிட்டார். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு அந்தப் பூண்டை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. பூண்டைச் சாமிக்குப் படைக்கலாமா என்று கேட்டேன். பூண்டும் வெங்காயமும் நைவேத்தியத்துக்கு ஆகாது என்று எங்கள் அச்சகத்திலேயே எத்தனை தடவை அடித்திருக்கிறோம்.

“படைக்கல தம்பி. இது விதைப்பூண்டு, சாமி கண்ணுல காட்டிட்டுப் போறேன்” என்றார். “அவரு பாத்துட்டாப் போதும்.”

எனக்குத் திரைக்கு முன்னால் நின்றது நினைவுக்கு வந்தது. அகராதியில் நான் தேடிப் பிடித்ததை அந்த அம்மாள் மடியில் கட்டிக்கொண்டு போகிறார்.

ஆகும், ஆகாது என்பதெல்லாம் எந்தக் காலத்துக் கணக்கு என்று யோசித்துக்கொண்டே வெளியே உட்கார்ந்தேன். திருமுருகாற்றுப்படையிலேயே ‘சிறுதினை மலரொடு விரைஇ மறியறுத்து’ என்று வருகிறது. தினையைப் பூவோடு கலந்து, ஆட்டுக்குட்டியை அறுத்துக் கொண்டாடிய விழா. அதுவும் முருகனுக்குத்தான். அதே முருகனுக்கு இன்று நாலு அபிஷேகப் பொருள், ஆறு காலப் பூஜை. எது சரி என்று கேட்டால் எனக்குத் தெரிந்த பதில், அவரவர் மலையில் விளைந்தது. கண்ணப்பர் மென்று பார்த்துக் கொடுத்த பன்றிக்கறியை வைத்துக்கொண்டு எந்த விதிப் புத்தகத்துக்கு நான் பிழை திருத்துவது?

அத்தைக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. பூசை செய்கிறவரிடம் மலைப்பூண்டு கிலோ என்ன விலை, எந்த வீட்டில் நன்றாக இருக்கும் என்று விசாரித்து, இரண்டு கிலோ வாங்கிவிட்டார். இன்று ராத்திரி அறை முழுக்க அந்த வாசம்தான்.

தூக்கம் வராமல் முடிச்சை எடுத்துப் பார்த்தேன். இத்தனை நாள் இதை விட மனம் வராததற்குக் காரணம் அது அம்மா போட்ட முடிச்சு என்பதாகத்தான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அதை அன்றைக்கே நான் ஊக்கு வைத்து அவிழ்த்தாயிற்று. இப்போது இருப்பது என் முடிச்சு.

ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பழநி, பிறகு பேருந்தில்

காலை முதல் பேருந்தில் இறங்கினோம். நேராகத் தாராபுரம் போக வேண்டியது, பழநியில் இறங்கிக்கொள்ளலாம் என்றேன். அத்தை ஏன் என்று கேட்கவில்லை. பூண்டு மூட்டையை அடிவாரத்தில் ஒரு பொரிக்கடையில் வைத்துவிட்டு வந்தார், தெரிந்த கடை மாதிரி.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். விஞ்சுக்கு ஒன்றரை மணி நேர வரிசை. இந்தத் தடவை உட்கார்ந்து போக அத்தைக்கு ஆட்சேபம் இல்லை. “வேண்டுதல் அன்னைக்கே நடந்து முடிஞ்சுது. இன்னைக்கு உன்ற வேல” என்றார்.

உச்சிக்கால நேரம். சாமியைச் சரியாகப் பார்க்க முடியவில்லை. முன்னால் நின்றவர் தோளில் ஒரு குழந்தை, அதன் மொட்டைத் தலையில் காயாத சந்தனம். அந்தத் தலைக்கும் ஒரு தூணுக்கும் நடுவில் தீபம் மட்டும் தெரிந்தது. போதும்.

உண்டியல் பக்கம் வந்ததும் முடிச்சை அவிழ்த்தேன். காசை மட்டும் போட்டேன். ரூபாய் விழுந்த சத்தம் கேட்டது. கால் ரூபாய் விழுந்தது கேட்கவில்லை, நோட்டுகளின் மேல் விழுந்திருக்கும். எதற்கு என்று தெரியாத காசு, பாதி செல்லாத காசு. எண்ணுகிறவர்கள் அந்தக் காண்டாமிருகத்தை எடுத்து ஒரு நிமிஷம் பார்ப்பார்கள்.

கீழே வந்து அரை கிலோ பஞ்சாமிர்த டப்பா இரண்டு, திருநீறு, தங்கை மகனுக்கு ஒரு வேல் டாலர். பூண்டு மூட்டை பத்திரமாக இருந்தது.

பேருந்து கிளம்பியதும் அத்தை கை நீட்டினார்.

“அந்தத் துணிய இங்க குடு.”

கொடுத்தேன். மடியில் வைத்து நீவி விட்டார். மஞ்சள் கொஞ்சம்கூட மிச்சமில்லை. இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்துத் துழாவினார்.

“பதனொரு ரூவாச் சில்லறை இருக்குதா கண்ணு? எங்கிட்டப் பத்துதான் இருக்குது.”

ஒரு ரூபாய் எடுத்துக் கொடுத்தேன். வெளியே காற்றாலைகள் வர ஆரம்பித்துவிட்டன. அத்தை துணியை மடித்து, முறுக்கி, நகத்தால் இழுத்து இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டார். அம்மா போட்ட அதே மாதிரி, கொட்டைப்பாக்கு அளவுக்கு. கண்ணில் ஒற்றிக்கொண்டு சுருக்குப் பைக்குள் போட்டு இடுப்பில் செருகினார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கண்டக்டர் வந்துவிட்டார். தாராபுரம் ரெண்டு என்றேன்.